வெளிநாட்டில் வாடகை வீடு பிடிப்பது: திருகோணமலைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உவர்மலை, உப்புவெளி, கிண்ணியா, மூதூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது ஒரு வீட்டிலாவது யாரோ ஒருவர் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பார். சென்னைக்கு வைத்தியத்துக்கு, பாரிஸில் கல்யாணத்துக்கு, டொரொண்டோவில் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு. அப்படிப் போகிற இடத்தில் ஹோட்டலில் நிற்காமல், சில நாளுக்கோ சில வாரத்துக்கோ ஒரு அபார்ட்மென்டை இணையத்தில் பிடிக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

ஹோட்டல் இருக்கும்போது எதற்கு இந்தத் தலையிடி?

இரண்டு பேர், மூன்று இரவு என்றால் ஹோட்டல்தான் சரி, யோசிக்கவே வேண்டாம். ஏழெட்டுப் பேர் கல்யாணத்துக்கோ சாமத்திய வீட்டுக்கோ போய்ப் பத்து நாள் நிற்பதென்றால், அல்லது நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டுமென்றால், குசினியுள்ள வீடு காசை மிச்சம் பிடிக்கும். வயிற்றையும் காப்பாற்றும்.

வீடு தேடும்போது முதலில் எதைப் பார்ப்பது? படமா, விலையா, இடமா?

மூன்றும் பிறகு. முதலில் காசு எங்கே நிற்கப்போகிறது என்று பாருங்கள். நீங்கள் இன்றைக்குக் கட்டுகிற காசு, வீட்டுத் திறப்பு உங்கள் கைக்கு வரும் நாள்வரை யாரிடம் இருக்கும்? இதற்குப் பதில் தெரியாமல் எந்த வீட்டையும் எடுக்காதீர்கள். இதற்குக் கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கிறது.

எயார்பிஎன்பி (Airbnb) என்ற வாடகைவீட்டு இணையத்தளத்தில் நீங்கள் கட்டும் காசு முதலில் அந்தத் தளத்திடம் போகிறது. நீங்கள் வீட்டுக்குள் போகவேண்டிய நேரத்திலிருந்து ஏறத்தாழ 24 மணித்தியாலம் கழித்துத்தான் வீட்டுக்காரருக்கு விடுவார்கள். அந்த ஒரு நாள்தான் உங்கள் கையிலுள்ள பலம். வீடு இல்லை, கதவு திறக்கவில்லை, படத்தில் பார்த்தது வேறு என்றால் அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

புக்கிங் டொட் கொம் (Booking.com) தளத்தில் வீட்டுக்கு வீடு முறை மாறும். சிலவற்றில் தளமே காசை எடுக்கும், சிலவற்றில் வீட்டுக்காரர் உங்கள் கார்டிலிருந்து எடுப்பார், சிலவற்றில் போய்ச் சேர்ந்தபின் கொடுத்தால் போதும். புக் பண்ணும் பக்கத்தில் இது எழுதியிருக்கும், ஆனால் பலர் விலையை மட்டும் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போய்ச் சேர்ந்தபின் கட்டுகிற வகை கிடைத்தால், விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுக்கச் சொல்வேன்.

கிரெடிட் கார்டில் கட்டிய காசை, சொன்ன பொருள் கிடைக்கவில்லை என்று உங்கள் வங்கியிடம் முறையிட்டுத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. முன்பின் தெரியாதவரின் வங்கிக் கணக்குக்கு நேரே போட்டது, வெஸ்டர்ன் யூனியனில் அனுப்பியது, கிரிப்டோ, உண்டியல் (வங்கிக்கு வெளியே ஆள்மாறி அனுப்பும் காசு) எல்லாம் போனால் அநேகமாகப் போனதுதான். வீட்டு வாடகையை உண்டியலில் அனுப்பச் சொல்கிற வீட்டுக்காரரோடு அதற்குமேல் கதைக்க ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் வந்து, நேரே காசு போட்டால் குறைத்துத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

வேண்டாம். இப்படி ஒரு செய்தி வரும், பாருங்கள்:

“வணக்கம் அண்ணா. உங்கட திகதிக்கு வீடு இருக்கு. சைட்டில போட்டா அவங்கள் கொமிஷன் வெட்டுவாங்கள். நேர போட்டா 20 வீதம் குறைச்சுத் தாறன். இன்னொரு குடும்பமும் கேக்குது, இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள அரைவாசி போட்டீங்கள் எண்டா பிடிச்சு வைக்கலாம்.”

இதில் கொமிஷன் கதை உண்மை. தளங்கள் கொமிஷன் எடுக்கத்தான் செய்கின்றன. அதனால்தான் மற்ற வரிகளும் உண்மை போலத் தெரிகின்றன. “அண்ணா” என்றதும் மனம் இளகுகிறது, “இன்னொரு குடும்பம்” என்றதும் பதறுகிறது, “பின்னேரத்துக்குள்ள” என்றதும் வீட்டில் இன்னொருவரிடம் கேட்க நேரமில்லாமல் போகிறது. செய்தியை அனுப்பியவர் நேர்மையான வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அப்போதும் தளத்துக்கு வெளியே போன காசுக்குத் தளம் பொறுப்பில்லை. அவர் கடைசி நேரத்தில் வேறொருவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டால் நீங்கள் போய்க் கேட்க ஓர் இடமும் இருக்காது.

“சரி, தளத்திலேயே எடுக்கிறேன்” என்று மட்டும் பதில் போடுங்கள். நல்லவர் சம்மதிப்பார். மற்றவர் காணாமல் போவார்.

பேஸ்புக் குழுவில் நம்மட ஆள்தான் விளம்பரம் போட்டிருக்கிறார். ஊரும் பேரும் தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே?

“மாதிரி இருக்கிறது” என்பதில்தான் பிரச்சினை. தமிழில் எழுதினால், கோணேஸ்வரர் படம் முகப்பில் இருந்தால், லண்டன் ஹரோவில் வீடு என்று சொன்னால் நாங்கள் பாதி நம்பிவிடுகிறோம். அந்தக் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, பழைய படங்களில் மனிதர்கள் கருத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அந்த நகரத்தில் உங்களுக்கு ஒரு மச்சானோ சித்தியோ இருப்பார். வேலை முடிந்து வரும்போது அந்த வாசலுக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். வேறு நாட்டுப் பயணிகளுக்கு இந்த வசதி கிடையாது, எங்களுக்கு அநேகமாக எல்லா நகரத்திலும் இருக்கிறது. மச்சான் பார்த்துவிட்டு வந்தாலும் முழுக் காசையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். வாசலில் மணி அடித்துப் பார்த்ததால் அந்த வீடு விளம்பரம் போட்டவருடையது என்று ஆகிவிடாது.

படங்கள் உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலை, படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுவது. அதே குசினி வேறொரு நகரத்தில், வேறொரு பெயரில், வீடு விற்கும் விளம்பரத்தில் வந்தால் கதை முடிந்தது.

இரண்டாவது, படத்துக்குள்ளேயே பாருங்கள். சுவரிலுள்ள பிளக் பொயின்ட் பொய் சொல்லாது. லண்டன் வீடென்றால் எங்கள் வீட்டில் இப்போது பூட்டுவது போல மூன்று சதுரத் துளை இருக்க வேண்டும். பாரிஸ் வீடென்றால் வட்டக் குழிக்குள் இரண்டு துளையும், நடுவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஊசியும். லண்டன் என்று போட்ட வரவேற்பறையில் பாரிஸ் மாதிரி வட்டக் குழிப் பொயின்ட் தெரிந்தால் அந்தப் படம் வேறெங்கோ எடுத்தது. குளியலறையில் சவரக் கருவிக்கு வைத்த இரட்டைத் துளைப் பொயின்ட் லண்டனிலும் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். யன்னலையும் பாருங்கள். ஒரு படத்தில் வெளியே மரம், இன்னொன்றில் அதே யன்னலுக்கு வெளியே பத்தாம் மாடிக் காட்சி என்று வந்தால் இரண்டு வீட்டுப் படங்களைக் கலந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பொய்யில்லாமலே ஏமாற்றும் படங்கள். உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: அறை வாசலின் மூலையில் நின்று அகல லென்ஸில் எடுத்தால் பத்தடி அறை மண்டபமாகத் தெரியும். கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருக்கிறதா, அறைக் கதவு முழுதாகத் திறக்குமா என்று கவனியுங்கள். குளியலறைப் படம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கைகழுவும் தொட்டியும் கண்ணாடியும் மட்டும் என்றால் மிச்சத்தைக் காட்ட விருப்பமில்லை என்று அர்த்தம்.

படத்தில் மாதம் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். மே மாதத்து நிலாவெளிக் கடலைப் படத்தில் பார்த்துவிட்டு டிசம்பரில், வடகீழ்ப் பருவமழைக்குள், வந்து இறங்குகிற வெள்ளைக்காரரின் முகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம்தானே. டொரொண்டோவுக்கு ஜனவரியில் போகிறவர் ஹீட்டர் எல்லா அறையிலும் உண்டா என்று கேளுங்கள். சென்னைக்கு மே மாதம் போகிறவர் ஏசி எத்தனை அறையில் என்று கேளுங்கள். இரண்டையும் செய்தியாக எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

எயார்பிஎன்பியில் புக் பண்ணும்வரை சரியான முகவரி காட்டமாட்டார்கள், வரைபடத்தில் ஒரு வட்டம்தான் தெரியும். அது வழமை, சந்தேகப்பட வேண்டாம். புக் பண்ணி முகவரி வந்த அன்றே கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அந்த வீதியைப் பாருங்கள். இலவசமாக ரத்து செய்யும் காலம் முடியுமுன் இதைச் செய்ய வேண்டும்.

விமர்சனங்களை எவ்வளவு நம்பலாம்?

நட்சத்திரங்களை விடுங்கள். கடைசி ஆறு மாதத்து விமர்சனங்களைத் திகதி ஒழுங்கில் வாசியுங்கள். “நல்ல வீடு, அருமை” என்று ஒரே வாரத்தில் குவிந்தவற்றுக்கு மதிப்பில்லை. “லிப்ட் இல்லை, மூன்று மாடி ஏறினோம்”, “வெந்நீர் இரண்டு பேருக்குத்தான் காணும்” என்று எழுதுகிறவர் உண்மையில் அங்கே நின்றவர். அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு அந்த லிப்ட் வரி ஒன்றே நூறு நட்சத்திரம் பெறும். ஒரு விமர்சனமும் இல்லாத புது வீட்டை முதல் ஆளாக எடுப்பது உங்கள் வேலையில்லை.

சென்னையில் வீட்டுக்காரர் தமிழர், நாங்களும் தமிழர். இலங்கைப் பாஸ்போட் என்றதும் ஏன் மறுக்கிறார்?

இது அடிக்கடி நடக்கிறது, பலர் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒரு படிவம்தான். இந்தியாவில் வெளிநாட்டவருக்குத் தங்க இடம் கொடுக்கிற ஹோட்டலோ லொட்ஜோ வாடகை வீடோ, அவர் வந்து 24 மணித்தியாலத்துக்குள் அந்த விவரத்தைக் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையவழியில் அறிவிக்க வேண்டும். ஃபோர்ம் சி என்ற பெயரில் பழகிய விஷயம் இது. இலங்கையர் அங்கே வெளிநாட்டவர். தி.நகரிலோ வடபழனியிலோ ஒரு தொடர்மாடி வீட்டைச் சும்மா வாடகைக்கு விடுகிறவர் இந்த முறையில் தன்னைப் பதிந்திருக்கமாட்டார். புக் பண்ணும்போது கவனிக்கமாட்டார், நீங்கள் பெட்டியோடு வாசலில் நின்று பாஸ்போட்டை நீட்டும்போதுதான் விழிப்பார்.

ஆகவே புக் பண்ணியவுடனே, தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள்: “நாங்கள் இலங்கைப் பாஸ்போட்டில் வருகிறோம். ஃபோர்ம் சி போடுவீர்களா?” ஆம் என்று எழுத்தில் வந்தால் நிம்மதி. “அது எல்லாம் தேவையில்லை, சும்மா வாங்க” என்று வந்தால் அந்த வீடு வேண்டாம். பதியாமல் நின்றால் நாளைக்கு விசாவை நீட்டப் போகும்போதோ, ஏதும் பொலிஸ் விஷயம் வந்தாலோ, பதில் சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்.

வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு இது கொஞ்சம் லேசு. சென்னை கிரீம்ஸ் ரோட்டில் அப்பலோவைச் சுற்றியும், வேலூரில் சிஎம்சியைச் சுற்றியும் உள்ள சேர்விஸ் அபார்ட்மென்ட், லொட்ஜ் பலவற்றுக்கு வெளிநாட்டு நோயாளிகள் புதிதல்ல, படிவம் அவர்களுக்குக் கைவந்த வேலை. திருச்சியில் இறங்கி வேளாங்கண்ணிக்கோ தஞ்சாவூருக்கோ போகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். சின்ன ஊர் வீடென்றால் இரண்டு தடவை கேளுங்கள்.

சிங்கப்பூர், பாங்கொக், கோலாலம்பூர்?

சிங்கப்பூரில் விடுமுறைக்குத் தனியார் வீடு எடுக்கவே வேண்டாம். சட்டம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு: தனியார் அபார்ட்மென்ட் என்றால் குறைந்தது தொடர்ந்து 3 மாதம், எச்டிபி (அரச வீடமைப்பு) வீடென்றால் 6 மாதம். ஐந்து நாளுக்கு ஒரு கொண்டோவை (தனியார் தொடர்மாடி வீட்டை) யாராவது தந்தால் அது சட்டத்துக்கு மாறானது. அங்கே ஹோட்டல், அல்லது உரிமம் பெற்ற சேர்விஸ் அபார்ட்மென்ட்.

தாய்லாந்தில் ஹோட்டல் உரிமம் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வீட்டை நாள்வாடகைக்கு விடக்கூடாது. பாங்கொக்கில் பல கொண்டோக்களின் லிப்டுக்குள்ளேயே இதை அறிவித்து ஒட்டியிருப்பார்கள். ஆனாலும் தளங்களில் வீடுகள் நிறைந்து கிடக்கின்றன, மலிவாகவும் இருக்கின்றன. மலேசியாவில் கட்டடத்தைப் பொறுத்தது. குறுகியகால வாடகையைத் தடைசெய்யக் கட்டட நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்புச் சொன்னது. ஆகவே “உங்கள் கட்டடத்தில் இது அனுமதியா?” என்று கேட்பது தப்பில்லை.

“காவலாளி கேட்டால் என் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்” என்று எந்த வீட்டுக்காரராவது எழுதினால், அந்த ஒரு வரியே போதும். ரத்து செய்துவிடுங்கள்.

பாரிஸ், லண்டன், டொரொண்டோ பக்கம்?

பாரிஸில் குறுகியகால வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பதிவு இலக்கம் வேண்டும், அது விளம்பரத்திலேயே போடப்பட வேண்டும். வீட்டுக்காரர் தான் குடியிருக்கும் வீட்டை வருடத்துக்கு 120 நாள்வரை விடலாம் என்று இருந்தது, 2025 முதல் பாரிஸில் அது 90 நாள். டொரொண்டோவிலும் பதிவு இலக்கம் உண்டு. தான் குடியிருக்கும் வீட்டை மட்டுமே விடலாம், முழு வீடாக வருடத்துக்கு 180 இரவு. லண்டனில் திட்டமிடல் அனுமதி இல்லாமல் ஒரு வருடத்தில் 90 இரவுக்கு மேல் விடக்கூடாது. நியூயோர்க் நகரத்தில் 2023 முதல் இன்னும் இறுக்கம்: 30 நாளுக்குக் குறைந்தால் வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது சரிவராது.

இதெல்லாம் வீட்டுக்காரரின் தலையிடி, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். அதிகாரிகள் விளம்பரத்தை எடுத்துவிட்டால் உங்கள் புக்கிங் பயணத்துக்கு முதல்நாள் ரத்தாகும். காசு திரும்பி வரும், ஆனால் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் உள்ள லா சப்பலுக்குப் பக்கத்தில் எட்டுப் பேருக்கு அந்த இரவில் வேறு வீடு யார் தருவார்?

விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேட்கிறார்கள். விசா வருமுன் காசு கட்டுவதா?

ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடம் எங்கே என்று காட்டத்தான் வேண்டும். இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங் எடுங்கள். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், சில வேளை 45 நாள்வரை இழுக்கும். இலவச ரத்துக் காலம் அதற்கும் பிந்தி முடிகிற மாதிரிப் பாருங்கள். ரத்துக் கெடு பெரும்பாலும் அந்த நாட்டு நேரப்படிதான் கணக்கு, எங்கள் நேரப்படி அல்ல. பிரான்சில் சொந்தக்காரர் வீட்டில் நிற்பதென்றால் கதை வேறு. அவர் தன் நகரசபையில் வரவேற்புச் சான்று எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும்.

சிலர் ஏஜென்டிடம் “டம்மி புக்கிங்” வாங்குகிறார்கள். கொஞ்சக் காசுக்கு ஒரு கடதாசி கிடைக்கும். அதிகாரி அந்த வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாலே குட்டு வெளிப்படும். ஷெங்கன் விசா மறுக்கப்படும். பிரித்தானிய விண்ணப்பத்தில் பொய் ஆவணம் கொடுத்தால் 10 வருடத் தடை வரலாம், கனடாவுக்கு 5 வருடம். உண்மையான புக்கிங்கே இலவசமாக ரத்து செய்யக் கிடைக்கும்போது எதற்குப் பொய்க் கடதாசி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என்னிடம் கிரெடிட் கார்ட் இல்லை. கனடாவிலிருக்கும் மகன் கட்டலாமா?

மகனும் உங்களோடு அந்த வீட்டில் நிற்பதென்றால் பிரச்சினையே இல்லை. அவர் பெயரில் எடுத்து உங்களையும் விருந்தினராகச் சேர்க்கட்டும். நீங்கள் மட்டும் நிற்பதென்றால், உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, காசை மட்டும் மகனின் கார்டில் கட்டுவது நல்லது. வாசலில் கேட்கப்படுவது உங்கள் பாஸ்போட், புக்கிங்கில் இருக்க வேண்டியதும் அதே பெயர். பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு வருகிறவர்கள் அந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் இங்கே உதவாது.

உங்கள் டெபிட் கார்டில் கட்டுவதென்றால், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கிக் கிளையில் கேளுங்கள்.

புக்கிங் செயலிக்குள்ளேயே, வீட்டுக்காரரின் பெயரில், கார்டை உறுதிசெய்யச் சொல்லிச் செய்தி வந்தது. இதுவும் பொய்யாக இருக்குமா?

இருக்கும். ஹோட்டல்காரர், வீட்டுக்காரர் ஆகியோரின் கணக்கைத் திருடி, உண்மையான செயலிக்குள்ளிருந்தே விருந்தினருக்குச் செய்தி அனுப்புகிற மோசடி 2023 முதல் உலகமெங்கும் பரவியிருக்கிறது. உங்கள் பெயர், திகதி, தொகை எல்லாம் சரியாக இருக்கும். அதனால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். அடையாளம் இரண்டு: செயலிக்கு வெளியே போகும் ஒரு இணைப்பு, “24 மணித்தியாலத்துக்குள் செய்யாவிட்டால் ரத்து” என்ற மிரட்டல். இணைப்பைத் தொடாமல், செயலியின் உதவிப் பகுதிக்குப் போய் நீங்களாகக் கேளுங்கள். அந்தச் செய்தியில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம்.

பாஸ்போட் கொப்பி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

இந்தியா, இத்தாலி, துபாய் போன்ற இடங்களில் விருந்தினரைப் பதிவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. கேட்பது நியாயம். புக்கிங் உறுதியானபின், தளத்தின் செய்திப் பெட்டிக்குள், படத்தின் குறுக்கே அந்த வீட்டின் பெயரையும் திகதியையும் எழுதிக் கொடுங்கள். கார்டின் படத்தை யாருக்கும், எதற்கும் அனுப்ப வேண்டாம்.

போய் இறங்கிய இடத்தில் மேலதிகக் காசு கேட்டால்?

எல்லாமே ஏமாற்று அல்ல. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் சுற்றுலா வரி தனியே உண்டு. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். புக்கிங் டொட் கொம் வீடுகளில் சேத வைப்புப் பணம் கையில் கேட்கலாம். ஆனால் இவை எல்லாம் புக் பண்ணிய பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். இருந்தால் கொடுத்து ரசீது வாங்குங்கள். இல்லாவிட்டால், “தளத்தினூடாகக் கேளுங்கள்” என்பதே பதில்.

நாங்கள் ஆறு பேர் என்று போட்டுவிட்டு எட்டுப் பேர் போனால் யாருக்குத் தெரியும்?

வாசல் கமராவுக்குத் தெரியும். வெளிப்புறத்தில் கமரா வைக்கலாம், விளம்பரத்தில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குள் கமரா வைப்பதை எயார்பிஎன்பி 2024 ஏப்ரலிலிருந்து உலகமெங்கும் தடைசெய்துவிட்டது. உள்ளே ஒன்றைக் கண்டால் படமெடுத்து உடனே முறையிடுங்கள்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு உண்மையான சிக்கல் வேறு. ஊரிலிருந்து பெரியம்மா வந்திருக்கிறார் என்றதும் அந்த நகரத்தில் உள்ள இருபது பேர் பார்க்க வருவார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் ஓடும், ஆட்டிறைச்சி கொதிக்கும், பத்து மணிக்கும் வாசலில் நின்று கதைப்போம். பக்கத்து வீட்டுக்காரர் முறையிட்டால் வீட்டுக்காரருக்கு அது விருந்துக் கூட்டம், எயார்பிஎன்பியில் அதற்குத் தடை. இரவோடிரவாக வெளியே போகச் சொல்லலாம். ஒன்றில் முன்கூட்டியே “பகலில் உறவினர் வந்துபோவார்கள், இத்தனை பேர், இத்தனை மணிவரை” என்று எழுதி அனுமதி வாங்குங்கள், அல்லது பெரிய சந்திப்பை மாமா வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலும் அப்படியே. மிளகாய் வறுத்தால் புகை அலாரம் அலறும். யன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். அலாரத்தின் மேல் துணி கட்டுவது பல இடங்களில் குற்றம். கட்டியிருந்ததைக் கண்டால் வீட்டுக்காரர் காசும் கேட்பார். தூளை ஊரிலேயே வறுத்து இடித்துக்கொண்டு போவது உத்தமம்.

புக் பண்ணும் திகதியில் ஏன் இத்தனை பேர் தடுமாறுகிறார்கள்?

கட்டுநாயக்காவிலிருந்து பல விமானங்கள் நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்புகின்றன. 12ஆம் திகதி அதிகாலை 1 மணி விமானமென்றால் 11ஆம் திகதி பின்னேரமே திருகோணமலையில் வான் வண்டியில் ஏறிவிட வேண்டும். அந்த 11 மனதில் பதிந்து, வீட்டையும் ஒரு நாள் முந்திப் பிடித்துவிடுகிறார்கள். விமானச் சீட்டில் உள்ள “வந்து சேரும்” திகதியை மட்டும் பாருங்கள். காலை ஏழு மணிக்கு இறங்கினால் வீடு பின்னேரம் மூன்று மணிக்குத்தான் திறக்கும். பெட்டிகளை எங்கே வைப்பது என்று முதலே கேட்டு வையுங்கள்.

போய்ச் சேர்ந்தோம். கதவு திறக்கவில்லை, அல்லது அப்படியொரு வீடே இல்லை. என்ன செய்வது?

வாசலில் நின்று சண்டை பிடிக்க வேண்டாம். கதவு, இலக்கம், வீதிப் பெயர்ப் பலகை எல்லாம் தெரிய ஒரு வீடியோ எடுங்கள். வீட்டுக்காரருக்குத் தளத்தினூடாகச் செய்தி போடுங்கள், அழைத்த அழைப்புகளின் ஸ்கிரீன்ஷொட்டும் வேண்டும். உடனே தளத்தின் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். எயார்பிஎன்பியில் பிரச்சினையைக் கண்ட 72 மணித்தியாலத்துக்குள் முறையிட வேண்டும், ஆனால் காசு வீட்டுக்காரருக்குப் போகுமுன், அன்றைக்கே, சொல்வதுதான் நல்லது. பிள்ளைகளை, வயதானவர்களை அந்த இரவு ஹோட்டலில் இருத்துங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்காரர் வேறொரு வீட்டைக் காட்டி “இதில் நில்லுங்கள்” என்றால், தளத்தில் மாற்றி எழுதும்வரை உள்ளே போக வேண்டாம்.

இதற்கெல்லாம் தொலைபேசி வேலை செய்ய வேண்டும். வங்கியின் ஓடிபி உங்கள் இலங்கை சிம்முக்குத்தான் வரும். கிளம்புமுன் ரோமிங் போடுங்கள். வெளிநாட்டில் அது வேலை செய்யுமா என்று இங்கிருந்து சோதித்துப் பார்க்க முடியாது என்பதால், சிம் நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்யுங்கள். முகவரியும் உதவி இலக்கமும் கடதாசியிலும் இருக்கட்டும். குடிவரவு அதிகாரியும் அதைத்தான் கேட்பார்.

ஏற்கெனவே காசு போட்டு ஏமாந்துவிட்டோம். இனி?

முதல் தொலைபேசி அழைப்பு வங்கிக்கு. கார்டை நிறுத்தி, அந்தக் கொடுப்பனவை மறுக்கும் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். இதற்குக் கால எல்லை உண்டு, நாட்களைக் கடத்த வேண்டாம். வங்கி மாற்றமாகப் போட்டிருந்தாலும் அதே நாளில் சொல்லுங்கள், காசு மறுபக்கம் எடுக்கப்படுமுன் பிடிபட ஒரு சின்னச் சந்தர்ப்பம் இருக்கிறது. அப்புறம் விளம்பரம், உரையாடல், கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள், மற்றவர் அழிக்குமுன். பொலிஸிலும் முறைப்பாடு போடுங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, வங்கியும் முறைப்பாட்டுப் பிரதியைக் கேட்கும். பிறகு சில நாளில் “உங்கள் காசை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு” என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வருவார். அவருக்கு உங்கள் இலக்கம் எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தால் அவர் யாருடைய ஆள் என்று தெரியும். பதில் போடாமல் தடுத்துவிடுங்கள்.